கடுங்குளிரில் உடற்பயிற்சி: மூக்கு ஒழுகுவது ஏன், கைப்பேசி அணைவது ஏன், எப்போது வீடு திரும்ப வேண்டும்?

புது தில்லி: வட இந்தியாவில் குளிர் அலை வீசும் நாட்களிலும் அதிகாலை நடையைக் கைவிடாதோர் பலர் உள்ளனர். தில்லியின் லோதி தோட்டம், ஸ்ரீநகரில் தால் ஏரியை ஒட்டிச் செல்லும் புல்வார்டு சாலை, சிம்லாவின் மால் சாலை, லே நகரின் சரிவுப் பாதைகள் என எங்கு பார்த்தாலும் மங்கி குல்லாவும் மஃப்ளருமாகச் சிலர் நடந்துகொண்டோ ஓடிக்கொண்டோ இருப்பதைக் காணலாம். இவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய ஆபத்து எதுவும் நேர்வதில்லை. மூக்கு நிற்காமல் ஒழுகுகிறது. மூக்குக் கண்ணாடி மங்குகிறது. பாதி வழியில் கைப்பேசி அணைந்துவிடுகிறது. தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்க மறுக்கிறது. வீடு திரும்பிய பின் கால்விரல்கள் சிவந்து தாங்க முடியாத அளவுக்கு அரிக்கின்றன. நேர்வதெல்லாம் இத்தகைய சிறு இடர்ப்பாடுகளே.

இவை அனைத்தையும் குளிரின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். உண்மையில் இவற்றுள் பலவற்றுக்குக் குளிரைவிட ஈரமே நெருங்கிய காரணம். மூச்சில் வெளியேறும் நீராவி, உடலில் சுரக்கும் வியர்வை, கண்ணில் கசியும் நீர், சாலையில் உருகி மீண்டும் உறையும் பனி ஆகிய நான்கையும் புரிந்துகொண்டால், குளிர்காலப் பயிற்சியின் தொல்லைகளில் பெரும்பகுதி விளங்கிவிடும். எதைப் பொருட்படுத்தாமல் நடையைத் தொடரலாம், எதைக் கண்டவுடன் திரும்ப வேண்டும் என்பதும் அப்போது தெளிவாகும்.

எது கடுங்குளிர்?

இந்திய வானிலை ஆய்வுத் துறை குளிர் அலைக்கு இடத்திற்கேற்ற வரையறை வைத்துள்ளது. சமவெளிகளில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே சென்று, இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் குறைந்திருந்தால் அது குளிர் அலை. இயல்பு எதுவாக இருந்தாலும் 4 டிகிரியைத் தொட்டாலே சமவெளியில் குளிர் அலை அறிவிக்கப்படும். மலைப் பகுதிகளில் அளவுகோல் 0 டிகிரியிலிருந்து தொடங்குகிறது.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் நீடிக்கும் உச்சக் குளிர்காலம் 'சில்லாய் கலான்' எனப்படுகிறது. 2024 டிசம்பரில் ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி வரை இறங்கியது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் ஜனவரி இரவுகள் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே செல்வது வழக்கமே.

வெப்பமானி காட்டும் எண்ணும் தோல் உணரும் குளிரும் ஒன்றல்ல. உடலைச் சுற்றி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. வீசும் காற்று அதை அகற்றிவிடுகிறது. வானிலையாளர்கள் பயன்படுத்தும் கணக்கீட்டின்படி, 0 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 5 டிகிரி போல இருக்கும். மைனஸ் 10 டிகிரியில் அதே காற்று மைனஸ் 18 ஆக உணரப்படும். காற்றே இல்லாத நாளிலும் மிதிவண்டி ஓட்டுபவர் தமக்கான காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். நடப்பவரைவிட ஓடுபவருக்கும், ஓடுபவரைவிட மிதிவண்டியில் செல்பவருக்கும் விரல்கள் முதலில் மரத்துப்போவது இதனால்தான். ஆயினும் காற்று எவ்வளவு பலமாக வீசினாலும் 2 டிகிரியில் பாட்டில் தண்ணீர் உறைந்துவிடாது. உயிரற்ற பொருள் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்வதில்லை.

மூச்சும் மூக்கும்

குளிர் நாளில் வெளியே வந்த சில நிமிடங்களில் மூக்கு ஒழுகத் தொடங்குவது ஜலதோஷத்தின் அறிகுறி அல்ல. மூக்கு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதன் அடையாளமே அது. நுரையீரலுக்குச் செல்லும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தி அனுப்புவது மூக்கின் பொறுப்பு. குளிர்ந்த காற்று உள்ளே வரும்போது மூக்கின் உட்புறச் சவ்வில் இரத்த ஓட்டம் கூடுகிறது. சளிச் சுரப்பும் அதிகரிக்கிறது. வெளியேறும் மூச்சோ ஈரத்தைச் சுமந்து வருகிறது. அது குளிர்ந்திருக்கும் மூக்கு நுனியை அடைந்ததும், குளிர்ந்த சொம்பின் மீது நீர் முத்துக்கள் படிவதுபோல அங்கேயே நீராகிவிடுகிறது. சுரப்பும் இந்த நீரும் சேர்ந்துதான் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேட வைக்கின்றன. இதற்கு மருந்து தேவையில்லை. கையுறையின் பின்புறத்தில் துடைத்துக்கொண்டே ஓடுவோரும் உண்டு. நாகரிகமாகத் தோன்றாவிட்டாலும் நடைமுறையில் அது போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் துடைப்பதால் மேலுதட்டின் தோல் வெடிப்பதுதான் உண்மையான தொல்லை. கிளம்பும் முன் அங்கே சிறிது வாசலின் தடவிக்கொண்டால் அதைத் தவிர்க்கலாம்.

தொண்டையில் ஏற்படும் எரிச்சலும் இருமலும் சற்று வேறு வகை. ஓய்வாக இருக்கும்போது மனிதர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். வேகமாக ஓடும்போது அது 100 லிட்டரைக்கூடத் தாண்டலாம். மூக்கு மட்டும் அத்தனை காற்றைக் கையாள முடியாது, வாய் திறந்துகொள்கிறது. அவ்வாறு மூக்கைத் தவிர்த்துவிட்டு உள்ளே செல்லும் உலர்ந்த குளிர்காற்று, மூச்சுக்குழாயின் உட்புறத்தில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே ஈரம் கூடுவதால் தொல்லை என்றால், மூச்சுக்குழாயில் ஈரம் குறைவதால் தொல்லை. வறண்ட குழாய்கள் சுருங்குகின்றன; வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம், இளைப்பு ஆகியவை வருகின்றன. பயிற்சியை நிறுத்திய சில நிமிடங்களில் தொடங்கி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும்.

'குளிரில் ஓடினால் நுரையீரல் உறைந்துவிடும்' என்று கூறப்படுவது மிகை. மைனஸ் 15 டிகிரி காற்றும் நுரையீரலின் ஆழத்தை அடைவதற்குள் உடல் வெப்பத்தை நெருங்கிவிடுகிறது. எனினும் பனிச்சறுக்கு ஓட்ட வீரர்களிடம் மூச்சுக்குழாய் சுருக்கம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவது மருத்துவ உலகம் அறிந்த ஒன்று. ஆண்டுக்கணக்கில் குளிர்காற்றில் கடும் பயிற்சி செய்வதற்கு ஒரு விலை உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் பரிந்துரைத்த இன்ஹேலரைக் கிளம்பும் முன் பயன்படுத்துவதும், பயிற்சியின்போது அதைக் கையில் வைத்திருப்பதும் நல்லது. வேகத்தைக் குறைத்து மூக்கால் மட்டுமே மூச்சு விட முடிகிற அளவில் நடப்பது மற்ற எவருக்கும் பொருந்தும் எளிய வழி.

மஃப்ளரை மூக்குக்கு மேல் சுற்றிக்கொள்வது இன்னொரு வழி. வெளியேறும் மூச்சின் வெப்பமும் ஈரமும் துணியில் தங்கி, அடுத்த மூச்சுக்குப் பயன்படுகின்றன. முதல் 20 நிமிடங்களுக்கு இது சுகமே. பிறகு துணி நனைகிறது. 0 டிகிரிக்குக் கீழே அது விறைத்துப் பலகைபோல் ஆகிவிடுகிறது; அதன் விளிம்பு உரசிக் கன்னம் சிவக்கிறது. லே போன்ற இடங்களில் பயிற்சி செய்பவர்கள் கழுத்துத் துணியைச் சிறிது நேரத்துக்கு ஒருமுறை திருப்பி, உலர்ந்த பகுதியை முன்னால் கொண்டு வருவது இதனால்தான். தில்லியில் மாசுக்காக என்-95 முகக்கவசம் அணிபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஈரமான கவசத்தின் வழியே மூச்சு விடுவது கடினமாகிறது.

கண்ணாடி அணிபவர்களின் பாடு தனி. மஃப்ளர் மூச்சை மேல்நோக்கித் திருப்பிவிடுவதால் கண்ணாடி வில்லைகள் உடனே மங்கிவிடுகின்றன. மூடுபனியில் ஏற்கெனவே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையில், சாலையோரச் சாம்பல் குவியலில் வெப்பம் தேடிச் சுருண்டு கிடக்கும் தெருநாயின் வாலை மிதிப்பது நடக்கக்கூடியதே. கவசத்தின் மேல் விளிம்பு மூக்குத் தண்டில் நன்கு பொருந்தினால் மங்குவது குறையும். நின்று பேசும்போது கண்ணாடி மங்கி, நடக்கத் தொடங்கியதும் தெளிவதைப் பலர் கவனித்திருப்பார்கள். நடக்கும்போது காற்று அந்த ஈரத்தை அகற்றிவிடுகிறது.

லடாக்கில் ஓடுபவர்களின் கண் இமை மயிர்களிலும் மீசையிலும் வெண்பனி படிந்திருக்கும் படங்கள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. அதில் பெரும்பகுதி மூச்சின் நீராவி உறைந்ததே. சில வேளைகளில் மேல் இமையும் கீழ் இமையும் ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பிரிக்க முயன்றால் இமை மயிர்தான் பிடுங்கப்படும். கையுறையைக் கழற்றி வெறும் உள்ளங்கையைக் கண்ணின் மீது சில விநாடிகள் வைத்தால் பனி தானே உருகிவிடும்.

விரல்களைக் கைவிடும் உடல்

குளிரை உணர்ந்தவுடன் உடல் எடுக்கும் முதல் முடிவு, இதயம், மூளை உள்ளிட்ட மைய உறுப்புகளைக் காப்பது. அதற்காகக் கை, கால், காது, மூக்கு ஆகியவற்றின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரல்கள் வெளுத்து, மரத்து, சொன்னபடி கேட்க மறுக்கின்றன. அவிழ்ந்த ஷூ நாடாவை மீண்டும் முடிச்சுப் போட முடியாமல் தவிப்பது, சாவியை நழுவ விடுவது, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போவது எல்லாம் இதனால்தான். குளிர்ந்த நரம்புகளில் கட்டளை மெதுவாகச் செல்கிறது. குளிர்ந்த தசையின் வலுவும் குறைகிறது.

விசித்திரமான ஒரு நிகழ்வும் உண்டு. கடுங்குளிரில் வைத்த விரல்களில் சிறிது நேரம் கழித்து இரத்தக் குழாய்கள் தாமாகத் திறந்து, வெப்பம் பாய்ந்து, மீண்டும் மூடிக்கொள்கின்றன. பிரித்தானிய மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் இதை விவரித்தார். மரத்த விரல்களில் திடீரெனச் சுரீரென்று வலியும் சூடும் பரவுவதாக நடைப்பயிற்சியாளர்கள் கூறுவது கற்பனையல்ல. குளிர்ப் பகுதியிலேயே வாழ்ந்து, குளிரில் கை நனைத்து வேலை செய்பவர்களிடம் இந்த எதிர்வினை விரைவாகத் தோன்றுகிறது. தென்னிந்தியாவிலிருந்து புதிதாகப் பணி மாறுதலில் வந்தவர் அத்தகைய ஒருவருடன் சேர்ந்து நடக்கும்போது, அவர் வெறுங்கையோடு வருவதைப் பார்த்துத் தானும் கையுறையைக் கழற்றிவிடுவது சரியான ஒப்பீடு ஆகாது.

பூங்காக்களில் நிறுவப்பட்டுள்ள திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் இன்னொரு தொல்லை. இரும்புக் கம்பியும் அருகிலுள்ள மர இருக்கையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் இரும்பு கையின் வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடுவதால் அது பன்மடங்கு குளிர்ந்ததுபோல் சுடுகிறது. தில்லியில் இதனால் கை வலிப்பதோடு சரி. 0 டிகிரிக்கு வெகு கீழே உள்ள இடங்களில், ஈரமான கையோ உதடோ உலோகத்தில் பட்டால் ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். எவர்சில்வர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கப் போய் உதட்டுத் தோலை இழப்பது அப்படித்தான். ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான நீரை ஊற்றிப் பிரிக்க வேண்டும். இழுக்கக் கூடாது.

மாலையில் தோன்றும் அரிப்பு

வட இந்தியக் குளிர்காலத்தின் மிகப் பரவலான, ஆனால் அதிகம் பேசப்படாத தொல்லை கால்விரல்களில் வரும் குளிர் வீக்கம். ஆங்கில மருத்துவத்தில் சில்பிளெய்ன் எனப்படும் இதற்கு உறைபனி தேவையில்லை. 0 டிகிரிக்கு மேலே, 15 டிகிரிக்குள் இருக்கும் ஈரக் குளிர் போதும். எனவே லேயின் வறண்ட குளிரைவிடச் சமவெளியின் ஈரக் குளிரில் இது எளிதாக வரலாம். பனித்துளி படர்ந்த புல்வெளியில் நடந்ததால் நனைந்த காலுறையோடு ஒரு மணி நேரம் இருந்தால், சில மணி நேரம் கழித்து விரல்கள் செந்நீலமாக வீங்கி, எரிந்து, அரிக்கும். காலையில் நடந்த நடைக்கும் மாலையில் வந்த அரிப்புக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை. பூஞ்சைத் தொற்று என்று எண்ணிக் களிம்பு தடவுவோரும் உண்டு.

குளிர்ந்த கால்களை உடனே ஹீட்டருக்கோ கணப்புக்கோ அருகில் நீட்டுவதுதான் இதை மோசமாக்குகிறது. சுருங்கிய குழாய்களுக்குள் இரத்தம் திடீரெனப் பாய்வதால் திரவம் கசிந்து வீக்கம் கூடுகிறது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது என்பதால் தீக்காயம் படும் வாய்ப்பும் இருக்கிறது. காஷ்மீரில் ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி நெருப்புச் சட்டிக்கும் இது பொருந்தும். உலர்ந்த காலுறை, மெல்ல மெல்ல வெப்பம், சொறியாதிருத்தல் ஆகியவை போதும். பொதுவாக ஓரிரு வாரங்களில் சரியாகிவிடும். புண்ணாகிவிட்டாலோ ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

விரல்கள் முதலில் வெள்ளையாகவும், பிறகு நீலமாகவும், சூடானதும் சிவப்பாகவும் மாறினால் அது வேறு ஒன்று. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862இல் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நிலை. பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. குளிர்பட்ட இடத்தில் கொசுக்கடிபோலத் தடித்துவிடும் ஒவ்வாமையும் சிலருக்கு உண்டு. இரண்டும் பெரும்பாலும் தொல்லையோடு நின்றுவிடும் என்றாலும், மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவைக்கத் தக்கவை.

அணையும் கைப்பேசி, உறையும் தண்ணீர்

கைப்பேசியில் 40 சதவீத மின்னூட்டம் இருந்தும் அது அணைந்துவிடுவது ஏமாற்று வேலை அல்ல. லித்தியம் அயனி மின்கலத்துக்குள் நிகழும் வேதிவினை குளிரில் மந்தமாகிறது. உள்ளுக்குள் மின்தடை கூடுகிறது. தேவையான மின்னழுத்தம் கிடைக்காமல் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. கைப்பேசிகள் பலவும் 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. சட்டையின் உட்பையில், உடலோடு ஒட்டி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. மணிக்கட்டுக் கருவி காட்டும் இதயத் துடிப்பையும் குளிரில் அப்படியே நம்ப முடியாது. அது தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தை ஒளியால் அளக்கிறது. குளிரில் அந்த இரத்தமே அங்கே குறைந்துவிடுகிறது.

தண்ணீர் மேற்பரப்பிலிருந்து உறையத் தொடங்கும். ஆகவே பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கத்தில் உருவாகும்; மூடிப் பக்கம் தண்ணீராகவே இருக்கும். மலையேற்றக்காரர்களின் இந்தப் பழைய உத்தி எந்தச் செலவும் இல்லாதது. குளிரில் தாகம் எடுப்பதில்லை என்பதற்காகத் தண்ணீரைத் தவிர்ப்பதும் சரியல்ல. தோல் பகுதியிலிருந்து விலகிய இரத்தம் உடலின் மையத்தில் சேர்வதால், உடலில் நீர் அதிகமாகிவிட்டதாகச் சிறுநீரகம் கணக்கிட்டு வெளியேற்றுகிறது. குளிர்கால நடையின் நடுவே கழிப்பறையைத் தேட வேண்டியிருப்பதன் காரணமும் அதுதான்.

கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி

இதுவரை கூறியவற்றில் எதனாலும் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்வது அரிது. வழுக்கி விழுவது அப்படியல்ல. பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறையும்போது, சாலையின் கருநிறமே தெரியும் அளவுக்கு மெல்லிய, தெளிவான பனிக்கட்டிப் படலமாகிறது. ஈரமான தார்ச்சாலை என்று எண்ணிக் கால் வைப்பவர் அடுத்த நொடி மல்லாந்து கிடப்பார். மரநிழல் விழும் வளைவுகள், பாலங்கள், குழாய் கசியும் இடங்கள் ஆகியவையே இதற்குப் பேர்போனவை. கீழேயும் காற்று புகுவதால் பாலங்கள் மற்றச் சாலையைவிட முந்தி உறைந்துவிடுகின்றன. அருகில் வெப்பமானி 1 அல்லது 2 டிகிரி காட்டினாலும், தரை 0 டிகிரிக்குக் கீழே இருக்கக்கூடும்.

விழும்போது கை நீட்டித் தாங்குவது மனித இயல்பு. உடலின் முழு எடையும் மணிக்கட்டில் இறங்குகிறது. மலை நகரங்களின் எலும்பு முறிவுச் சிகிச்சையில் குளிர்கால மணிக்கட்டு முறிவு பழகிப்போன ஒன்று. முதியோர்களுக்கு இடுப்பு எலும்பும் சேர்ந்துகொள்கிறது. சட்டைப்பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நடப்பவர் சமநிலையை மீட்கவும் முடியாது, தாங்கவும் முடியாது. கையுறை என்பது விரல்களுக்கு மட்டுமன்றி, கைகளை வெளியே வைத்திருக்கும் துணிவுக்காகவும் தேவை.

ஓடுவதற்கான ஷூக்களில் உள்ள நுரையும் ரப்பரும் குளிரில் இறுகிவிடுகின்றன. கோடையில் நன்றாகப் பிடித்த அதே அடிப்பகுதி குளிரில் பிடிப்பை இழக்கிறது. லடாக்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் உறைந்த ஜன்ஸ்கார் ஆற்றின் மீது நடக்கும் சாதர் மலையேற்றத்தில், விலையுயர்ந்த மலையேற்ற ஷூக்களுக்குப் பதிலாகச் சாதாரண கம்பூட்டுகள் அணிந்து செல்வது வழக்கம். அங்குள்ளவர்கள் காலை உயர்த்தாமல், பாதம் முழுவதும் தரையில் பதியுமாறு இழுத்து இழுத்து நடக்கிறார்கள். உடல் எடை எப்போதும் முன்காலின் மீது இருக்கும். பெங்குவின் நடைபோலத் தோன்றும் அதைவிடச் சிறந்த நடை பனிக்கட்டிக்கு இல்லை.

விழுவதையே விளையாட்டின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்ட இடங்களும் உண்டு. சிம்லாவில் 1920ஆம் ஆண்டு முதல் இயங்கும் திறந்தவெளிப் பனிச்சறுக்குத் தளத்தில், இயற்கைக் குளிரால் உறையும் பனிக்கட்டியின் மீது காலையிலும் மாலையிலும் சறுக்குகிறார்கள். அங்கே புதிதாக வருபவர்கள் முதலில் பழகுவது விழும் முறையையே: முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் சரிந்து, விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும். அருகில் செல்பவரின் சறுக்குக் காலணியின் கத்தி முனையிலிருந்து விரல்களைக் காப்பதும் அதன் நோக்கம்.

தால் ஏரியின் மேற்பரப்பு உறையும் ஆண்டுகளில் அதன் மீது நடக்க வேண்டாம் என்று நிர்வாகம் எச்சரிப்பதுண்டு. ஓரத்தில் கெட்டியாக இருக்கும் பனிக்கட்டி சில அடிகளுக்கு அப்பால் மெலிந்திருக்கலாம். அது சிறு இடர்ப்பாடுகளின் பட்டியலில் சேராது.

வியர்வை செய்யும் வஞ்சம்

அனுபவம் இல்லாதவர்கள் செய்யும் முதன்மைத் தவறு குறைவாக உடுத்துவது அல்ல, அதிகமாக உடுத்துவதே. வாசலில் நிற்கும்போது இதமாக இருக்கும் அளவுக்கு ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் அணிந்து கிளம்புபவர் பத்து நிமிடத்தில் வியர்க்கிறார். தசைகள் பெருமளவு வெப்பத்தை உண்டாக்குவதால் ஓடும் வரை குளிர் தெரியாது. தெரிந்தவரைப் பார்த்து நின்று பேசத் தொடங்கும்போதுதான் சிக்கல். வெப்ப உற்பத்தி நின்றுவிடுகிறது. நனைந்த பருத்திப் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஐந்து நிமிடப் பேச்சில் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கிவிடும்.

கிளம்பும்போது சற்றுக் குளிர்வதுபோல் இருந்தால்தான் உடை சரி என்பது குளிர்ப் பகுதி ஓட்டக்காரர்களின் கணக்கு. உள்ளே வியர்வையைக் கடத்திவிடும் செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி, நடுவே வெப்பம் தாங்கும் அடுக்கு, மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் என மூன்றாகப் பிரித்து அணிந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பருத்தி வேண்டாம். தலையின் வழியாகத்தான் பாதி வெப்பம் வெளியேறுகிறது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. தலை உடல் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வெளியேறும் வெப்பமும் அதே அளவே. குல்லா தேவைதான், காதுகளுக்காக.

எப்போது திரும்ப வேண்டும்?

காது மடலோ கன்னமோ மூக்கு நுனியோ வெளுத்து, தொட்டால் உணர்வற்று இருந்தால், அது பனிக்கடியின் முதல் படி. இந்தக் கட்டத்தில் நிலையான சேதம் இல்லை. காற்றிலிருந்து ஒதுங்கி, வெறும் உள்ளங்கையால் மூடிக்கொண்டால் சில நிமிடங்களில் ஊசி குத்துவதுபோல் உணர்வு திரும்பும். திரும்பவில்லை என்றாலோ, தோல் மெழுகுபோல் இறுகிவிட்டாலோ மருத்துவ உதவி தேவை. உறைந்த பகுதியைப் பனியால் தேய்க்கும் பழக்கம் தோலைக் கிழித்துக் காயத்தை ஆழமாக்கும். காற்றுடன் சேர்த்து உணரப்படும் குளிர் மைனஸ் 28 டிகிரிக்குக் கீழே போனால், மூடாத தோலில் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் பனிக்கடி ஏற்படலாம் என்பது கனடா வானிலைத் துறை தரும் வழிகாட்டுதல். லடாக்கில் காற்று வீசும் நாட்களில் இது எட்டாத அளவு அல்ல.

நடுக்கம் உடலின் தற்காப்பு. நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடாகாமலேயே நடுங்குவதை நிறுத்திவிட்டு, குழறிப் பேசவும் தடுமாறவும் தொடங்கினால் அது முன்னேற்றமல்ல. உடல் வெப்பநிலை ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்பதற்கான அடையாளம். ஈர உடையைக் கழற்றி, போர்த்தி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 'ஒரு மடக்கு குடித்தால் சூடாகும்' என்பது இந்த இடத்தில் தீங்கு செய்யும் அறிவுரை. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, மிச்சமிருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடும்.

நெஞ்சு இறுக்கத்தில்தான் குழப்பம் அதிகம். குளிர்காற்றால் மூச்சுக்குழாய் சுருங்கினாலும் நெஞ்சு இறுகும். இதயத்துக்கு இரத்தம் போதாமல் போனாலும் இறுகும். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அதன்மேல் உடற்பயிற்சி இதயத்தின் வேலையைக் கூட்டுகிறது. உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் விடியற்காலை 5 மணி நடையை வெயில் வந்த பிறகு மாற்றிக்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனால்தான். இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலியை, குளிரால் வந்த பிடிப்பு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

தில்லிக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்வதால், புகையும் தூசியும் மேலெழ வழியின்றி அதிகாலையில் செறிந்து நிற்கின்றன. காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டி 'மிக மோசம்' என்ற நிலையில் இருக்கும் காலையில், 'சுத்தமான காற்றுக்காக' வெளியே ஓடுவதில் பொருளில்லை. வீட்டுக்குள் படியேறுவதே மேல்.

உயரமான இடங்களில் கணக்கு மேலும் மாறுகிறது. லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. விமானத்தில் வந்திறங்கிய மறுநாளே ஓடக் கிளம்புபவருக்கு வரும் தலைவலியையும் குமட்டலையும் குளிரின் மீது பழிபோட முடியாது. உடல் உயரத்துக்குப் பழகச் சில நாட்கள் ஓய்வு தேவை. 2023 பிப்ரவரி 20 அன்று சுமார் 13,862 அடி உயரத்தில், உறைந்த பாங்காங் ஏரியின் மீது 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் நடத்தப்பட்டு கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. அதில் ஓடியவர்கள் 75 பேர் மட்டுமே.

வீடு திரும்பிய பின்

கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் கண்ணாடி மீண்டும் ஒருமுறை முழுதாக மங்கும். சூடான அறையின் ஈரம் குளிர்ந்த வில்லையில் படிவதால் வருவது. துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். ஒரு நிமிடம் காத்திருந்தால் தானே விலகிவிடும். முதலில் மாற்ற வேண்டியவை பனியனும் காலுறையும். அடுத்து வெதுவெதுப்பாக ஏதேனும் குடிக்கலாம். கொதிக்கும் வெந்நீரில் குளிக்க அவசரப்பட வேண்டாம். விரல்களில் உணர்வு திரும்பிய பிறகு குளித்தால் போதும். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஹீட்டருக்கு மிக அருகில் வைத்தால் ஒட்டுப்பசை விட்டுவிடும். அணைந்துபோன கைப்பேசியை உடனே மின்னேற்றியில் செருகக் கூடாது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் மின்கலத்தில் மின்னேற்றினால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். அரை மணி நேரம் மேசை மீது கிடந்து அறையின் வெப்பத்தைப் பெற்ற பிறகு அழுத்திப் பார்த்தால், காணாமல் போன அந்த 40 சதவீதத்தில் பெரும்பகுதி பெரும்பாலும் திரும்பி வந்திருக்கும்.